கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கால்வாய்

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை காலை, தில்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து அவ்வளவு தூரம் வந்தது ஊர் சுற்ற அல்ல. தங்கையை அழைத்துப் போக. ஸ்டெல்லா இங்கே நர்ஸ். தரியாகஞ்சில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், கணவர் அருளோடு ஆறு மாதமாகக் குடியிருக்கிறாள். படுக்கையறைத் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது என்கிறாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று எழுந்து ஓடித் திறந்தால் காற்றுதான் வருமாம். உறக்கம் கெட்டு, வேலைக்கும் லீவு போட்டுவிட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல மதினி. ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்று அருள் போனில் கெஞ்சியிருந்தார்.

அன்று ஹாலில் படுத்த நான், ரயில் அலுப்பில் அடித்துப் போட்டாற்போல் உறங்கிவிட்டேன்.

புதன், காலை பதினோரு மணி. அவள் மனம் கொஞ்சம் மாறட்டும் என்று ஓர் அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். ஸ்டெல்லா இந்தியில் ஓர் அதட்டுப் போட்டதும் எண்பதுக்கு இறங்கினார். புத்தி பேதலித்தவள் இப்படியா பேரம் பேசுவாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

மாடியில் கடைசி அறை. எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், சாப்பாட்டு மேசை அளவில், முகலாயர் காலத்துத் தில்லி. யமுனைத் தண்ணீரைக் கொண்டுவந்த கால்வாய் சாந்தினி சௌக் நடுவே போனதையும், ஒரு கிளை ஃபைஸ் பஜார் வழியே இறங்கியதையும் நீலக் கண்ணாடியில் செய்திருந்தார்கள். கிணறுகளெல்லாம் கறுப்புப் புள்ளிகள். தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்க்காரி நான், வாயைப் பிளந்து பார்த்தேன். ஆனால் இத்தனை வீடு கட்டியவர்கள் ஒரு மனுஷப் பொம்மைகூட வைக்கவில்லை. அது எனக்கு என்னவோ போலிருந்தது.

"ஃபைஸ் பஜார்ங்கது எங்க ரோடுதான்க்கா. இந்தா, வீடு இங்கன வரும்" என்று ஸ்டெல்லா விரலை வைத்தாள். விரலுக்கு நேர் கீழே நீலம். அவள் குனிந்து கண்ணாடியில் காதை வைத்தாள்.

"அக்கா, இதே சத்தந்தான்."

"ஏட்டி, எந்திரி. யாராச்சும் பாக்கப் போறாங்க." அவளைத் தூக்கக் குனிந்த நானும் கேட்டேன். மெல்லிய சலசலப்பு. இடையிடையே கல்லில் மோதித் திரும்பும் ஓசை. குழாய்ச் சத்தத்துக்கு உறக்கத்திலேயே எழுந்து ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் காது தண்ணீர் விஷயத்தில் ஏமாறாது.

வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம், "அண்ணே, இதுக்குள்ள மோட்டார் ஓடுதா?" என்று ஸ்டெல்லா இந்தியில் கேட்டாள். உள்ளே ஒரு ஒயர்கூடக் கிடையாது, வெறும் மரமும் கண்ணாடியும்தான் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினோம். அருள் சோறு பரிமாறினார். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கரண்டி அப்படியே நின்றது.

"எனக்கும் கேக்கும் மதினி. குடிவந்த அன்னைலேருந்தே."

"பின்ன ஏன் கேக்கலன்னு சொன்னீங்க?"

"ரெண்டு பேருக்கும் கேட்டா அது நெசமாயிருமே. பயந்துட்டேன்."

ஸ்டெல்லா தட்டைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "ஆறு மாசமா என்னைய மட்டும் தனியா கேக்க விட்டிருக்கீங்கல்லா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை நான் மட்டும் ரயில் ஏறினேன். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கிட்வாய் நகரில் கூட வேலை பார்ப்பவள் வீட்டு மாடியறைக்கு மாறப்போகிறாள். அருளும் வருவாரா என்று கேட்டபோது, தன் துணிகளை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்தாள். அந்தத் தண்ணீர் எங்கே ஓடுகிறதோ, எனக்குத் தெரியாது. அதை நினைத்து இப்போது பயமும் இல்லை. அவள் பதறி எழுந்த ஒவ்வொரு தடவையும், அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் ஒரு மனிதர் படுத்திருந்தாரே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.