வெயிலில் பொறுக்கிய டீம்

பம்பாயில் கால்பந்தை மழையில்தான் ஆடுவார்கள். ஜூனில் மழை இறங்கியதும் லீக் தொடங்கும். சேற்றிலேயே பாதி ஆட்டம் போகும். வாழ்நாளில் பந்தைத் தொட்டிராத எனக்கே இது தெரியும். ஆனால் என் கணவர் வேலை பார்த்த மில்லின் விளையாட்டுக் கமிட்டி, ஆட்களைத் தேர்ந்தெடுத்தது மே மாதத்தில், மைதானம் சிமெண்ட் தரைபோல இறுகிக் கிடந்தபோது. அறுபதுகளின் நடுவில் நடந்த கதை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் மில் டீமில் ஹாஃப் பேக், நடு வரிசை ஆட்டக்காரர். பந்து ஆடுவதற்காகவே வேலைக்கு எடுத்திருந்தார்கள். கிடங்கில் பெயருக்கு ஒரு வேலை, மத்தியானத்துக்கு மேல் பயிற்சி, செம்பூர் மில் காலனியில் ஒரு வீடு. அந்த வீட்டின் அருமை எனக்குத்தான் தெரியும். கல்யாணம் முடிந்து தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், தாராவியில் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில், நடுவே சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினேன். காலனி வீட்டில் எனக்கென்று ஒரு கதவு, அதற்கு உள்தாழ்ப்பாள், வீட்டுக்குள்ளேயே குழாய். ஆனால் அது ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற வீடு. டீமிலிருந்து விலக்கினால் வேலை போகாது, வீடு போகும்.

அந்த வருஷம் மூன்று பேரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று பேச்சு வந்தது. என் கணவர், மாஹிமிலிருந்து வந்த கோவாக்காரக் கோல்கீப்பர், ஹைதராபாத்காரர் ஒருவர். மூவரும் ஒரே சமயத்தில் டீமில் சேர்ந்தவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள்.

மைதானம் எங்கள் காலனிக்கு எதிரேதான். துணி காயப்போடுகிற சாக்கில் நின்று நானும் பார்த்தேன். விசில் ஊதி எல்லாரையும் ஓடவிட்டார்கள். பையன்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்கள். என் மனிதர் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணக்கு ஆபீசர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்தான் கமிட்டித் தலைவர். மாட்டுங்காக்காரர், நம் தமிழர்தான். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இங்கே அந்த மரியாதைகூட இல்லை.

யாரையும் எந்தக் காலத்திலும் விலக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வயசு ஏறினால் கால் தளரும். அவருடைய முழங்கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் சேற்றில் ஆடப்போகிற ஆளைச் சேற்றில் வைத்தல்லவா பார்க்க வேண்டும்? மழை மைதானத்தில் ஓட்டம் பாதிதான். பந்து எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்து அங்கே முன்னாலேயே போய் நிற்பது மீதிப் பாதி. அதை அவரே ஒரு நாள் சோறு தின்றுகொண்டே எனக்குச் சொன்னார். கமிட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.

கமிட்டியில் ஒருவர், ஒரே ஒருவர், பழைய ஆட்களில் ஒருவரையாவது வைத்துக்கொள்ளலாம் என்றாராம். ஆபீசர் சிரித்துக்கொண்டே, அவர்கள் காலை ஓட்டுவதைவிட வாயைத்தான் அதிகம் ஓட்டுகிறார்கள் என்றாராம். உண்மைதான். ஆட்டம் முழுக்கப் பையன்களைப் பார்த்து முன்னால் போ, பின்னால் வா, ஆளைப் பிடி என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கத்தலில்தான் டீமே ஓடியது. மூவரையும் சேர்த்தே விலக்கினார்கள். அந்த மூன்று வீடுகளையும் காட்டித்தான் பெங்களூரிலிருந்து மூன்று பையன்களை வரவழைக்க முடிந்தது.

வழியனுப்பு விழா வைத்து மாலை போட்டார்கள். ஆளுக்கொரு அலாரம் கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் ஷிப்டுக்கு நேரத்தோடு எழுந்து வர வேண்டுமே, அதற்காக இருக்கும். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அவர் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

மறுபடியும் தாராவி. மறுபடியும் சேலைத் திரை. ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று தினமும் அவரைக் குத்துவேன். கமிட்டி முடிவு, நாம் என்ன கேட்பது என்பார். மழை பிடித்தது. கூரை ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் படுத்தோம். மில் டீம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. பையன்கள் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, எதிராளி போன பிறகு ஓடினார்களாம். கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்தில், பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு குடையோடு கணக்கு ஆபீசர் எங்கள் சந்துக்கே வந்துவிட்டார். டிரங்குப் பெட்டிமேல் உட்காரவைத்து டீ கொடுத்தேன். கமிட்டி மறுபடியும் யோசித்ததாம். என் கணவர் திரும்பி வர வேண்டுமாம். பழைய வீட்டில் ஆள் இருக்கிறதாம். அடுத்த பிளாக்கில் வேறு வீடு அந்த வாரமே தருவார்களாம். என் மனசு அப்போதே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டது.

மற்ற இருவரும் வருகிறார்களா என்று இவர் கேட்டார். ஆபீசர் இழுத்தார். கோல்கீப்பருக்கு உடம்பு போட்டுவிட்டது, இன்னொருவரைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

"மூணு பேரையும் ஒண்ணாத்தான சார் அனுப்புனிய. கூப்பிடறதா இருந்தா மூணு பேரையும் கூப்பிடுங்க. எனக்கு மட்டும்னா வேண்டாம்."

என் வீட்டுக்காக மே மாதத்தில் திறந்திருக்க வேண்டிய வாயை, அந்த வீடு திரும்பி வருகிற நேரம் பார்த்துத் திறக்கிறார். கமிட்டிமேல் இருந்த கோபம் மொத்தமும் அவர்மேல் திரும்பியது. ஆபீசர் கெட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோம்மா. வீடு கெடைக்கறதே" என்றார்.

இந்த மனிதர் இன்னும் எடை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று தோன்றியது. புருஷன் படியவில்லை, பெண்டாட்டி படிவாள் என்று கணக்கு. அவர் நினைத்தது சரிதான் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன். டீ பாதி இருந்தது.

"அவுக சொன்னதுதான் சார். மூணு வீடு இருந்தா வாங்க."

ஆபீசர் குடையை விரித்துக்கொண்டு சந்து முனையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

"இனி நமக்கு அப்படி ஒரு வீடு கெடைக்காது, தெரியும்லா?" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அழுதுகொண்டே, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.