பஞ்சு பட்டதும் கத்தினேன்

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான் மேஸ்திரி. ஊர் உலகத்துக் காயங்களுக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்பிய எனக்கு, ஊசி என்ற பேச்சைக் கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் சேதி வந்தது. தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீடு போயிருந்த என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலேயே மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எங்க யாரு ரத்தமும் சேரல மச்சான். உங்களதப் பாக்கணுங்காக.”

சோதித்துப் பார்க்க விரல் நுனியில் ஒரு துளி வேண்டும் என்றார் நர்ஸம்மா. கண்ணை இறுக மூடி விரலை நீட்டினேன். சில்லென்று ஏதோ பட்டது. நான் போட்ட ‘ஐயோ’வில் வராந்தாவில் தூங்கிய குழந்தைகளெல்லாம் விழித்துக்கொண்டன. கை தானாக இழுத்துக்கொண்டது. கால் தானாக உதைத்தது. நர்ஸம்மாவின் தட்டு உருண்டது.

“அண்ணே, இன்னும் ஊசியே எடுக்கல. இது ஸ்பிரிட்டு தொட்ட பஞ்சு!”

நம்புங்கள், வலித்தது. நிஜமான வலி. விரலில் ஒரு புள்ளிகூட இல்லை!

ஒருவழியாகச் சோதித்தார்கள். என் ரத்தம் சேர்ந்தது. கட்டிலில் படுக்க வைத்தார்கள். இம்முறை வந்த ஊசி, கோணி ஊசிக்குத் தம்பி. நர்ஸம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“கை ஆடுச்சுன்னா நரம்பு தவறிரும்ணே. பொறவு திரும்பக் குத்தணும். அக்காவுக்கு அம்புட்டு நேரம் இல்ல.”

ஆடாதே என்று கைக்குச் சொன்னேன். அது இன்னும் அதிகமாக ஆடியது. வேர்த்துக் கொட்டியது. முகத்தைத் துடைத்துக்கொள்ள மறு கையில் ஒரு துணித் துண்டைத் திணித்தார் நர்ஸம்மா. தொட்டதுமே விரல் கண்டுபிடித்துவிட்டது: பேண்டேஜ் துணி, நடுவில் இழை விட்டிருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மேஸ்திரி புத்தி எங்கே போகும்?

“எவம்லே இத நெய்தது? பாவு நூல் அறுந்தது தெரியாம முழ நீளம் ஓட்டியிருக்கான்! தறிய நிறுத்தி ஒரு முடிச்சுப் போட என்ன கேடு இவனுக்கு?”

“நல்லாத் திட்டுங்கண்ணே. ஊசி ஏறிச் செத்த நேரமாச்சு.”

திரும்பிப் பார்த்தேன். குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்த பிறகுதான் லேசாக, எறும்பு கடித்தது போல வலித்தது. ஊசியின் வலி அவ்வளவுதான். மீதி அத்தனையும் என் சொந்தத் தயாரிப்பு.

சாயங்காலம், ரத்தப்போக்கு நின்றுவிட்டது, பயமில்லை என்றார்கள். உள்ளே போனேன். வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் குழந்தை. என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெல்லத் தொட்டாள்.

“ரொம்ப வலிச்சுதா? ஊசின்னா பயப்படுவீகளே.”

 இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இன்றும் ஊசியைக் கண்டால் என் கை இழுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் உயிர் போய்த் திரும்பிய அந்த வலியிலும் என் பயத்துக்காக அவள் கவலைப்பட்டாளே, அதை நினைக்கும்போது உள்ளே எங்கோ ஒரு வலி வரும், அதற்கு மட்டும் நான் பயப்படுவதில்லை.