இரண்டு பக்கமும் வெட்டிய கல்

இந்த ஊரில் எந்த அரசாங்கக் கட்டடத்தைத் திறந்தாலும், திறந்தவர் பெயரைக் கல்லில் வெட்டியவன் நான்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் என் எழுத்தைப் படிக்காத அதிகாரி இந்த மாவட்டத்தில் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் கல்லைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு துரையின் பெயர். நம் காலத்துக் கல்லில் அமைச்சரில் தொடங்கி வார்டு கவுன்சிலர் வரை எழுத இடம் போதாது. சுதந்திரம் எனக்கு அப்படித்தான் புரிந்தது. பெயர் கூடக் கூட எனக்கும் பிழைப்பு கூடியது. வேங்கிக்காலில் என் ஓலைக் கொட்டகை மாடி வீடானது அதனால்தான். மறைக்க மாட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் துணை சுகாதார நிலையம் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். கல் என்னுடையது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. கல் மட்டும் நின்றது. சுற்றிலும் சீமைக்கருவேலம் வளர்ந்தது.

என் மனைவிக்குச் சர்க்கரை. மாதாமாதம் வெறும் வயிற்றோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்ற ஒரு காலையில் மயங்கி விழுந்துவிட்டாள். வீடு திரும்பியதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“ஊருக்கெல்லாம் கல்லு வெட்டினீங்களே, ஒரு கட்டடத்த வர வெக்க முடிஞ்சுதா?”

அன்றைக்கே புதிய சேர்மனிடம் போய் நின்றேன்.

“பணம் இருக்குது பெரியவரே. அந்தக் கல்லுல அவங்க பேருல்ல இருக்குது? நாங்க கட்டினா அவங்க கட்டினதா ஆயிடும்.”

“அப்ப கல்ல எடுத்துடுங்க.”

“எடுத்தா நாளைக்கே மறியல் பண்ணுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். படித்தவர்கள் இதைப் பெரிய பெரிய வார்த்தையில் எழுதுகிறார்கள். நான் கண்டது இவ்வளவுதான்: பணம் இருந்தால் மட்டும் செங்கல் ஏறாது. யார் பெயரில் ஏறுகிறது என்பதும் முடிவாக வேண்டும்.

“கல்லுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுல உங்க பேர வெட்டறேன். கூலி வேணாம்.”

சேர்மன் சிரித்துவிட்டார். “பழைய பக்கத்த செவுத்துல பதிச்சு மறைச்சிடுவீங்களா?”

“மொதல்ல கட்டடம் வரட்டுங்க.”

கட்டடம் வந்தது. கல்லை நான் சுவரில் பதிக்கவில்லை. “இந்தக் கல்லோட கனத்தைப் புதுச் செவுரு தாங்காதுங்க” என்று சொல்லிவிட்டேன். கல் விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேச இங்கே ஆள் கிடையாது. வாசலில் மேடை கட்டி நிமிர்த்தி நிறுத்தினேன். உள்ளே போகிறவர் கண்ணில் புதியவர்கள்; வெளியே வருகிறவர் கண்ணில் பழையவர்கள். திறப்பு விழாவன்று சேர்மன் கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “சரியான கில்லாடிய்யா நீங்க” என்றார்.

இப்போது இரண்டு கட்சிக்காரர்களும் ஓட்டுக் கேட்க வரும்போது கல்லில் தங்கள் பெயர் உள்ள பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கூரை ஒழுகினால் முந்திக்கொண்டு புகார் கொடுப்பதும் அவர்கள்தான்.

என் மனைவி அங்கே நடந்தே போகிறாள். சோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு அந்த மேடையில் உட்கார்ந்து, கல்லில் சாய்ந்தபடி டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிடுவாள். போன வாரம் புதிதாக வந்த நர்ஸ் அதட்டியிருக்கிறாள்.

“அம்மா, கல்லு மேல சாயாதீங்க. பெரியவங்க பேரெல்லாம் இருக்குது.”

“சாயலாம்மா. வெட்டினது என் வூட்டுக்காரரு.”