ஓடாத பஸ்ஸும் காலி பஸ்ஸும்

எங்கள் பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் அவருக்குப் பெயர் கண்டக்டரம்மா. பதினாறு வருஷம் டிக்கெட் கொடுத்தவர். முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போனதும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, நாற்பது வயதில் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். எந்த எண்ணைக் காட்டினாலும், "எத்தனை நடைக்கு சார் இது?" என்பார். அறைக்கே மூத்தவன் நான். எனக்கு எரிச்சலாக வரும்.

முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸின் மாத அறிக்கையை நான்தான் எழுதினேன். தினமும் ஏறிய பயணிகள் ஒரு வரிசை, பஸ் எத்தனை தடவை ஓடியது என்ற நடைக்கணக்கு இன்னொரு வரிசை. அதை இதால் வகுத்தால் ஒரு நடைக்கு எத்தனை பேர் என்று வந்துவிடும். பல நாட்களில் நடையே பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாதென்று புரோகிராம் கத்தியது. கத்திய இடத்திலெல்லாம் விடையாகப் பூஜ்யத்தைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். மாதச் சராசரி பன்னிரண்டு. பதினைந்துக்குக் குறைந்தால் அந்த பஸ்ஸை நிறுத்திவிடுவது என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

நிறுத்தப்போகும் பஸ்களின் பட்டியலைப் பார்த்ததும் கண்டக்டரம்மா நொண்டிக்கொண்டே வந்தார்.

"முப்பத்தொண்ணுல பன்னெண்டு பேரா? ஆஸ்பத்திரிக்குப் போற ஒரே வண்டி சார். நிக்கவே இடமிருக்காது."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"அது சொல்லாது. நீங்க சொல்ல வச்சிருக்கீங்க. இருபத்தோரு நாள் பாலத்தை அடைச்சு வேலை பார்த்தாங்களே, வண்டி எங்க ஓடுச்சு?"

ஓடாத வண்டியை ஆளில்லாத வண்டி என்று எழுதிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"சரி, வகுக்கற பூஜ்யத்தோட துளியூண்டு எண்ணைக் கூட்டிட்டா கத்தாதுல்ல?"

"ஏறின ஆளும் பூஜ்யம், அப்பவும் விடை பூஜ்யம்தானே வரும்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை சார் அது."

நடை பூஜ்யமில்லாத நாட்களை மட்டும் வகுக்கும்படி ஒரு வரி எழுதினார். மற்ற நாட்களை வெறுமையாக விட்டு, சராசரியிலும் சேர்க்கவில்லை. நாற்பது வந்தது.

மேலாளர் அறிக்கையைப் புரட்டினார். "என்னம்மா, இருபத்தோரு கட்டம் காலியா கிடக்கு? மேல இருக்கறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும்னுதான் சார் விட்டிருக்கேன். பூஜ்யம் போட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

மேலாளர் பேனாவை எடுத்துப் பட்டியலிலிருந்து முப்பத்தொன்றை அடித்தார்.

மறுநாள் காலை நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் போனேன்.