ஏழாம் பக்கத்தில் ஒரு சொல்

சந்திரலேகாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச வராது. கம்மாபுரத்தில் தமிழ் வழியில் படித்து, டிப்ளமோ முடித்து, சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மேல வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள்.

2005 ஜூன் மாதம் லேபுக்கு முப்பது புது மெஷின்கள் வந்தன. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட வேண்டும் என்று பாலிடெக்னிக் முதல்வர் சொல்லிவிட்டார். அது இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் லேபில் யாருக்கும் அதைப் போடத் தெரியாது. ஒரு சிடியைச் சந்திரலேகாவின் கையில் கொடுத்து, "நெட்ல பாத்துப் போடும்மா, எல்லாம் இருக்கும்" என்றார்கள்.

நெட்டில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். ஆனால் அவை முன்பே தெரிந்தவர்களுக்காகத் தெரிந்தவர்கள் எழுதியவை. முதல் பத்தியிலேயே நாலு சொல் புரியாது. அந்த நாலுக்கும் அர்த்தம் தேடிப் போனால் அங்கே இன்னும் எட்டு. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முட்டி மோதினாள். தமிழில் தட்டச்சு செய்வது எப்படி என்ற ஒரே ஒரு விஷயத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. கடைசியில் எங்கோ ஒரு மின்னஞ்சல் மடற்குழுவில், யாரோ யாருக்கோ எழுதிய நாலு வரிப் பதிலில் அது கிடைத்தது.

அப்போதுதான் இதைத் தமிழில் எழுதி வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சமையல் சொல்லிக் கொடுப்பதுபோல, இதைச் செய், அப்புறம் இதைச் செய் என்று ஒன்பது பக்கம் எழுதினாள். கடைசியில் தன் பெயரையும் லேபின் போன் நம்பரையும் போட்டாள்.

ஏழாம் பக்கத்தில் ஓர் இடத்தில் பேனா நின்றது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு லினக்ஸைப் போடும் கட்டம் அது. திரையில் இருந்த சொல்லுக்கு நேரான தமிழ் 'அழி'. அப்படித்தான் முதலில் எழுதினாள். பிறகு அடித்தாள். கடல் பொங்கி வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ஜனவரியில் நிவாரணத் துணி மூட்டைகளோடு கிள்ளைப் பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கத்து ஊர்களின் பெயரைக்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேப்பரைத் திறந்தால் அழிவு, அழிவு என்றே இருந்தது. அந்தச் சொல்லைத் தன் கையால் எழுத அவளுக்கு மனசு வரவில்லை. 'வட்டைச் சுத்தம் செய் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்' என்று எழுதினாள். ஹார்ட் டிஸ்க்குக்கு அவள் வைத்த தமிழ் வட்டு. லேபில் இருந்தவை புது மெஷின்கள், உள்ளே ஒன்றும் கிடையாது. அதனால் அந்தச் சொல்லால் அங்கே யாருக்கும் எந்தத் தொந்தரவும் வரவில்லை.

பையன்கள் அந்த ஒன்பது பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தார்கள். படித்து முடித்துப் போன ஒருவன் அதை டைப் செய்து நெட்டில் போட்டான். விருத்தாசலம், விழுப்புரம் என்று எங்கிருந்தெல்லாமோ லேபுக்கு போன் வந்தது. "ரொம்ப ஈசியா புரியுதுங்க" என்றார்கள். சந்திரலேகா ஒரு வருடம் சந்தோஷமாக இருந்தாள்.

2006 செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் வந்த போனில் ஒரு ஆணின் குரல், மிகவும் தணிவாக, "இந்த லினக்ஸ் நோட்ஸ் எழுதுனது நீங்கதானுங்களா?" என்று கேட்டது.

"ஆமாங்க."

"எம்பேரு சார்லஸ். கடலூர் முதுநகர்லேருந்து பேசறேன். எலெக்ட்ரீசியன். எங்க மெஷின்ல வைரஸ் ஜாஸ்தியா இருந்துச்சுங்க. தெரிஞ்சவரு ஒருத்தரு ஒங்க நோட்ஸ் குடுத்தாரு. ஏழாம் பக்கத்துல சுத்தம் செய்னு போட்டிருந்துச்சு. வைரஸத்தான் சுத்தம் பண்ணும்னு நெனச்சி செஞ்சேன். நல்லாத்தான் ஓடுது இப்ப. ஆனா உள்ள இருந்த போட்டோவக் காணோம்."

சந்திரலேகா மேஜையில் கிடந்த நோட்ஸை எடுத்து ஏழாம் பக்கத்தைப் பிரித்தாள்.

"ஒம்போது பக்கத்தயும் மூணு வாட்டி படிச்சிட்டேன் மேடம். திரும்ப எடுக்கறது எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவர் கோபப்பட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். "பாத்துச் சொல்றேங்க" என்று போனை வைத்தாள்.

பிறகு பதினோரு நாள் அவருக்கு போன் செய்யவில்லை. அழிந்தது அழிந்ததுதான் என்று லேபில் எல்லோரும் சொன்னார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லேபில் போன் அடித்தால் எழுந்து வெளியே போய் நின்றாள். இரண்டு முறை அவர் கூப்பிட்டு நம்பர் சொல்லி வைத்ததாகச் சொன்னார்கள். நேரம் கிடைத்தபோதெல்லாம் நெட்டில் தேடிக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள், பழைய மடற்குழு ஒன்றில், இதே தவறைச் செய்த எவனோ ஒருவனுக்கு வேறு யாரோ எழுதிய பதில் கிடைத்தது. அழித்தாலும் படங்கள் வட்டின் அடியில் கிடக்கும். அவற்றைத் தோண்டி எடுக்க ஒரு இலவச மென்பொருள் கருவி இருக்கிறது. ஆனால் மெஷினை உடனே அணைத்துவிட வேண்டும். ஓட ஓட, புதிது பழையதன் மேல் எழுதிக்கொண்டே போகும்.

அந்தக் கடைசி வரியை மூன்று முறை வாசித்துவிட்டு போனை எடுத்தாள்.

"அண்ணே, மெஷின ஒடனே ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணா மிச்சம் மீதி இருக்கறதும் போயிடுமோன்னு பயந்துகிட்டு, பதினோரு நாளா அணைக்காமயே வச்சிருக்கேம்மா" என்றார் சார்லஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லேபிலிருந்து ஒரு காலி வட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினாள். சார்லஸ் முதுநகர் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், நரைத்திருந்தார். வீட்டுக்கு நடக்கும்போதே விஷயத்தைச் சொன்னார்.

குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 2004 கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு டிஜிட்டல் கேமரா. ஒரே பெண், ஜெயராணி, பத்து வயது. பண்டிகை அன்று முழுக்க அவளையே எடுத்திருக்கிறார், முப்பத்தேழு படம். அன்று சாயங்காலமே மஞ்சக்குப்பத்தில் மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவற்றை ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் கடல் வந்தது. கடற்கரையை ஒட்டி இருந்த வீடு, ஆல்பங்கள், கேமரா, ஜெயராணி, எல்லாம் போயின. மச்சான் அந்தக் கம்ப்யூட்டரை இவர்களிடமே கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

"எம் பொண்டாட்டி மிச்சத்த இன்னும் பாக்கவே இல்லம்மா. ரெண்டு வருசமா இன்னைக்கு வேணாம், இன்னைக்கு வேணாம்னே சொல்லிகிட்டு இருந்தா. போன ஞாயிறு பூசை முடிஞ்சி வந்து, இப்ப பாக்கலாம்னு ஒக்காந்துட்டா. மெஷின் ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க மெக்கானிக்கு, அவ்ளோதான். அழிஞ்சிதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இன்னொரு வாட்டி அவளால தாங்க முடியாது."

அவர் மனைவி ஆரோக்கியம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "பொம்பளப் புள்ள மெக்கானிக்கா! நல்லா இரு பாப்பா" என்றாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சந்திரலேகாவின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

கருவி மேலிருந்து கீழாக வட்டைத் துழாவிக்கொண்டே போனது. படங்கள் பெயர் இல்லாமல், வெறும் எண்களோடு வந்து விழுந்தன. யாருடையது என்று தெரியாத கார்கள், விளம்பரப் பெண்கள், காலண்டர் மாதாக்கள், நகம் அளவுக்குச் சின்னச் சின்னச் சின்னங்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. சந்திரலேகா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு காரின் படத்துக்கு அடுத்தபடியாக, மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆரோக்கியம்மாள் சந்திரலேகாவின் கையைப் பிடித்தாள், அவ்வளவுதான். அந்தப் பிடி தளரவே இல்லை. சந்திரலேகா ஒற்றைக் கையால் வேலை பார்த்தாள்.

பதினான்கு படங்கள் முழுசாக வந்தன. பிறகு வந்தவை பாதிப் படங்கள். ஒன்றில் ஜெயராணியின் பின்னலுக்குக் கீழே வேறு எதற்கோ உரிய நீலக் கோடுகள். ஒன்றில் கையும் கேக்கும் மட்டும். அடுத்ததில் முகம் நேராக இவர்களைப் பார்த்தது. கழுத்துக்குக் கீழே படத்தின் அடி வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். அந்த இடத்தில் இருந்ததன் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டிருந்தது.

சந்திரலேகா அதை அவசரமாக மூடப் போனாள்.

"வுடு பாப்பா" என்றாள் ஆரோக்கியம்மாள். "மூடாத."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற சார்லஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்பிடித்தான் இருந்தா கடைசியா. கழுத்து வரைக்கும் தண்ணி. அம்மான்னு கூப்புடக்கூட இல்ல, என்னியே பாத்துகிட்டு இருந்தா. நான் யார்கிட்டயும் சொல்லல, இவருகிட்டகூட. இந்த மெஷினுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

வைரஸ் என்று சார்லஸ் ஏதோ முனகினார்.

மொத்தம் இருபது படம் வந்தது. பதினான்கு முழுசு, ஆறு பாதி. பதினேழு வரவில்லை. எல்லாவற்றையும் இரண்டு சிடியில் போட்டு, ஒன்றை அந்த வீட்டில் கொடுத்தாள். "இன்னொண்ணு எங்கிட்ட இருக்கட்டும்க்கா. எப்பவும் ரெண்டு எடத்துல இருக்கணும்" என்றாள். பஸ் ஏற்றிவிட வந்த சார்லஸ் நன்றி சொன்னார். பதினோரு நாளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, பின்னாலும் ஒருபோதும் கேட்டதில்லை.

அவர் கேட்காததை அவளே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். பதினேழில் எத்தனை தன் சொல்லால் போனது, எத்தனை தான் போன் எடுக்காத பதினோரு நாளில் போனது? அந்தச் சாம்பல் நிறம் முதல் நாளே படிந்ததா, ஐந்தாம் நாளா, பத்தாம் நாளா? அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டாள்.

ஏழாம் பக்கத்தைத் திருத்தி எழுதினாள். 'அழி' என்று பெரிய எழுத்தில் போட்டாள். அதற்கு மேல், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் சேர்த்தாள். ஹாஸ்டலிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பழைய பிரதிகளைக் கேட்டு வாங்கிக் கிழித்தாள். நெட்டில் இருந்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்னாள் மாணவன் தன் பக்கத்தைத் திருத்தினான். ஆனால் அதற்குள் வேறு நாலைந்து பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். கடிதம் எழுதினாள். மூன்று பேர் மாற்றினார்கள். ஒரு பக்கத்தின் சொந்தக்காரரிடமிருந்து பதிலே வரவில்லை. அவர் யார், எங்கே இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா என்பதுகூடத் தெரியவில்லை. தமிழில் லினக்ஸ் என்று யார் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அந்தப் பக்கம்தான். கீழே அவள் பெயர்.

2009-இல் அவளுக்குக் கல்யாணம் ஆனது. கணவன் கண்ணாயிரத்துக்குத் தபால் இலாகாவில் வேலை. அறிமுகம் இல்லாத குரல் போனில் வந்தால் அவள் முகம் மாறுவதை அவன் கவனித்திருக்கிறான். "என்ன போட்டிருந்தீங்க உள்ள? போட்டோ ஏதாச்சும் இருந்துச்சா?" என்றுதான் அவள் முதலில் கேட்பாள். "ஒண்ணும் இல்லீங்க, புது மெஷின்" என்று பதில் வந்த பிறகுதான் உட்காருவாள். அவனுக்கு எல்லாம் தெரியும். "அந்த அக்காகிட்ட சொல்லிடேன், மனசு லேசாவும்" என்று ஒருமுறை சொன்னான். "என் மனசுதான் லேசாவும். அவுங்களுக்கு?" என்றாள். அவன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆரோக்கியம்மாள் அவளை விடவில்லை. மாதம் ஒரு முறையாவது போன் செய்வாள். கடலூர் பக்கம் வந்தால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள். "எம் பொண்ணத் தோண்டிக் குடுத்த புள்ள இது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். சந்திரலேகா இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். வருடா வருடம் டிசம்பரில் தன்னிடம் இருந்த சிடியை எடுத்து, இருபது படமும் திறக்கிறதா என்று பார்த்து, புது சிடியில் மாற்றி வைப்பாள். சிடியும் கெட்டுப் போகும் என்று எங்கோ வாசித்திருந்தாள். பார்த்தே இராத அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தன் தங்கை முகத்தைவிட நன்றாகத் தெரியும். இடது புருவத்தில் இருந்த சின்னத் தழும்பு உட்பட.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. ஆறாம் நாள்தான் அவளால் கடலூர் போக முடிந்தது. வழி நெடுக முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்து கிடந்தன. ஆரோக்கியம்மாள் வீட்டுக் கூரை ஓடுகள் பறந்திருந்தன. கம்ப்யூட்டர் மழையில் ஊறி, அதன் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சிடியைக் காணவில்லை. சார்லஸ் சேற்றில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம்மாள் பதறவில்லை. "அவர வரச் சொல்லு பாப்பா, கைல கிய்ல கிழிச்சுக்கப் போறாரு. போனாப் போவுது. அதான் ஒங்கிட்ட இருக்குல்ல?" என்றாள்.

"இருக்குக்கா."

சிதம்பரத்தில் இன்னும் கரண்ட் வரவில்லை. கல்லூரியில் ஜெனரேட்டர் ஓடிய ஒரு மணி நேரத்தில் சந்திரலேகா தன் சிடியைப் போட்டுப் பார்த்தாள். இருபதும் திறந்தன. மூன்று புதுப் பிரதிகள் எடுத்துப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிறு மறுபடி முதுநகருக்குப் போனாள்.

வாசலில் நின்றபடியே ஆரோக்கியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு சந்திரலேகாவின் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, அவள் வீடு, அவள் புருஷன், இனி பிறக்கப் போகும் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் நிதானமாக, ஒவ்வொருவராகச் சொல்லி வேண்டினாள். வேண்டுதல் முடிகிற வரைக்கும் சந்திரலேகா அசையாமல் நின்றாள். கொஞ்சம் தள்ளி நின்ற சார்லஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டிய பிறகும் தலையில் அந்தக் கையின் கனம் அப்படியே இருந்தது.