பொங்காத பால்

இயற்பியல் ஆசிரியராக ஓய்வுபெற்ற நான், பால் பொங்கவில்லை என்பதற்காக ஒரு பெண்ணை வீட்டைக் காலி செய்யச் சொன்னேன்.

அரியலூரில் காது கேளாத பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வெளிநாட்டிலிருந்து வந்தவர் அவர். நெடிய உருவம், வெயிலில் தோலுரிந்த மூக்கு. தெருநாயைக்கூட "தள்ளிப் போங்க" என்றுதான் விரட்டுவார்.

எங்கள் மாடியில் அவர் குடிவந்த அன்று என் மனைவி பால் காய்ச்சினாள். அது பொங்கி வழிய வேண்டும் என்பதை அவருக்குச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. நுரை விளிம்புக்கு வந்ததும் அவர் பாய்ந்து அடுப்பை அணைத்தார்.

"நல்லவேளைங்க, சிந்தலை!"

மனைவியின் முகம் வெளுத்தது. அந்த வாரமே அவள் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

"பால் பொங்காத வூட்ல வேற என்னங்க நடக்கும்? அவங்கள அனுப்பிடுங்க" என்று ஆஸ்பத்திரியில் அழுதாள்.

மறுநாள் மாடியேறி, "வேற இடம் பாத்துக்குங்கம்மா" என்றேன்.

"நான் என்ன தப்பு பண்ணேங்க?"

நான் திரும்பிப் படியிறங்கிவிட்டேன்.

மனைவி நடக்கத் தொடங்கியதும், பால் வாங்கிக்கொண்டு, சிமென்ட் ஆலை இருக்கும் ரெட்டிபாளையத்தில் அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். ஜன்னலெல்லாம் சிமென்ட் தூசி. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இங்கயாவது பொங்க வைங்கம்மா."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். பால் எழும்பியது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"உங்களுக்குக் குடிக்க வேணும்ல சார்" என்று டம்ளர் நிறைய ஊற்றித் தந்தார்.

குடித்து முடித்து, "மாடி காலியாத்தான் இருக்கு, வந்துடுங்க" என்றேன்.

அவர் டம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.