மாமா உடைத்த பூசணி

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பூச்சி வளர்க்கிறவள். வைத்தவர் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி, என் மாமா. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது. நான் ஆறாவது படித்த வருஷம், கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருந்த நேரத்தில், அதில் மாவுப்பூச்சி விழுந்தது. யாரோ அரிசிமாவைத் தூவிவிட்டுப் போனதுபோலக் காம்பிலும் கணுவிலும் வெள்ளை அப்பிக் கிடந்தது. அப்படிப்பட்ட தோட்டத்தில் வியாபாரி வண்டியை விட்டுக்கூட இறங்கமாட்டார்.

அப்பா மருந்துக் கேனை வாங்கி மோட்டார் ரூமில் வைத்துவிட்டார். அம்மா குறுக்கே நின்றாள். விவசாயிகளுக்கு நடந்த பயிற்சி ஒன்றுக்குப் போய் ஒரு டப்பாவில் பொறிவண்டு வாங்கி வந்திருந்தாள். பாடப்புத்தகத்தில் வருகிற சிவப்பும் கறுப்புப் புள்ளியும் அல்ல. கறுத்த உடம்பு, ஆரஞ்சுத் தலை, மொத்தமே ஒரு மிளகு அளவு. பூச்சியின் மெழுகைத் தாண்டி மருந்து இறங்காது, இதுதான் தேடித் தேடித் தின்னும் என்பது அம்மாவின் கட்சி. ஆயுத பூஜை கழியட்டும், அதற்குள் உன் வண்டு பந்தலேறாவிட்டால் மருந்துதான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

வண்டு பெருக வேண்டுமானால் அதற்குத் தீனி வேண்டும். தீனி மாவுப்பூச்சிதான். ஆகவே பூச்சியை ஒழிப்பதற்காக என் அம்மா பூச்சியை வளர்த்தாள்! மோட்டார் ரூம் இருட்டில், மரப்பெட்டிக்குள், ஒரு பெரிய மஞ்சள் பூசணிக்காய்மேல் அதை ஏற்றித் துணியால் மூடி வைத்தாள். பூசணி முழுக்க வெளுத்ததும் வண்டுகளை உள்ளே விட்டாள். இதைக் கேட்டே மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது, பெட்டியை அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துணியை விலக்கிப் பார்ப்பேன். வண்டின் புழுக்கள் பிறந்தபோது நானே ஏமாந்தேன். அவையும் மாவுப்பூச்சியைப்போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, அதன் கூட்டத்துக்குள்ளேயே திரிந்தன. மப்டி போலீஸ்! மாவுப்பூச்சி அசமந்தமாகக் கிடக்கும். இது குடுகுடுவென்று ஓடும், முட்டைப் பொதிக்குள் தலையை விட்டால் பொதி காலியாகாமல் நிமிராது. அடேயப்பா, அந்தப் பசியைப்போல ஒரு பசியை நான் எங்கள் மாமாவிடம்கூடப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜையும் வந்தது. திராட்சை ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியை மாமா எங்கள் தோட்டத்திலேயே கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டினார். எல்லாம் வாங்கிய மனுஷன் திருஷ்டி கழிக்கப் பூசணியை மறந்துவிட்டார். பொழுது மங்கிவிட்டது. மோட்டார் ரூமுக்குள் போனவர் வெள்ளையாக ஒரு பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் பிசுபிசுத்ததை வெண்பூசணியின் சாம்பல் என்று நினைத்தாராம். ஓட்டை போட்டுக் குங்குமம் அடைக்கப் பொறுமையில்லாமல், மேலே சூடத்தை ஏற்றி, வண்டியைச் சுற்றி, வண்டிப்பாதையில் ஓங்கிப் போட்டு உடைத்தார்.

உள்ளே மஞ்சள்.

வண்டி விளக்கு வெளிச்சத்தில் துண்டுகளின்மேல் வெள்ளைப் புழுக்கள் தறிகெட்டு ஓடின. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெண்பூசணி என்றல்லவா நினைத்தேன் என்று மாமா முனகினார். அப்பாவின் கண் மருந்துக் கேன் இருந்த பக்கம் போனதை நான் பார்த்தேன். ஓடிவந்த அம்மா தம்பியை நாலு சாத்துச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ தரையில் உட்கார்ந்து டார்ச்சை அடித்தாள்.

"யாரும் காலை வைக்காதீக. அம்புட்டும் நம்ம புள்ளைக."

துண்டுகளைத் தாம்பாளத்தில் அள்ளினோம். பந்தலுக்குள் போய், வெள்ளை அப்பியிருந்த ஒவ்வொரு கொடியின் கவட்டிலும் அம்மா ஒரு துண்டைச் செருகினாள். மாவுப்பூச்சியின் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், புழுவை அண்டவிடாது. அதனால் மாமாவின் வண்டியிலிருந்து கிரீஸ் எடுத்துவரச் சொல்லி, துணியில் தடவி, கொடியின் அடியிலும் பந்தல் கால்களிலும் சுற்றச் சொன்னாள். பூஜை வேட்டியோடு மாமா மண்ணில் முட்டி போட்டுச் சுற்றியது எனக்குப் பரம திருப்தி.

வண்டு பந்தலேறிவிட்டதால் அப்பாவும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கேனைத் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை குறைந்தது. வெட்டுக்கு வியாபாரி வந்து, வண்டியை விட்டு இறங்கி, கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். என் அம்மா ஜெயித்துவிட்டாள்! ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் மாமா முந்திக்கொண்டார். பந்தலுக்குப் பட்டிருந்த கண் தான் உடைத்த பூசணியோடு போயிற்று என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். ஊரும் நம்பியது. கிழக்குத் தோட்டத்துப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மருந்து தெளிப்பதை நிறுத்துங்கள், உங்கள் மருந்து காற்றில் வந்து என் வண்டைக் கொல்கிறது என்று அம்மா கேட்டபோதெல்லாம் சிரித்து அனுப்பியவர் அவர். இப்போது மாமாவிடம் பவ்யமாக, தன் தோட்டத்திலும் ஒரு பூசணி உடைக்க வேண்டும் என்றார். உண்மையைச் சொல்லிவிட நான் வாயெடுத்தேன்.

"சும்மா இரு ஆத்தா," என்று அம்மா என் தோளை அழுத்தினாள். பிறகு மாமாவைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்:

"தம்பி, அந்த வெவரத்தையும் சொல்லிரு. உடைச்ச தோட்டத்துல மருந்து வாடையே ஆகாது. அடிச்சா திருஷ்டி திரும்பிரும்."

அப்படி ஒரு விவரம் மாமாவுக்கே அப்போதுதான் தெரியும். ஆனாலும் கண்ணை மூடித் தலையாட்டினார். பூசணியைத் தன் அக்காதான் தருவாள் என்றும் சேர்த்துக்கொண்டார். பெரியப்பா கும்பிட்டார். தெளிப்பதற்காக வண்டியில் கட்டி எடுத்துவந்த மருந்துக் கேனை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டறையில் அத்தனை நாள் அம்மா பட்ட பாட்டை மாமா வாயாலேயே வாரிக்கொண்டு போகிறார், இவள் அதற்கு ஒத்தும் ஊதுகிறாள். அந்த வாரம் சந்தைக்குப் போனபோது அவளோடு நான் பேசவே இல்லை. அம்மாவோ மஞ்சள் பூசணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கடைக்காரரிடம் சிரிக்கச் சிரிக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன ஒருத்திக்கு எங்கிருந்து இவ்வளவு உற்சாகம் வருகிறது என்று கூடையைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நின்றேன்.